தனி நாடாக வாக்களிப்பது எப்படி? பெட்டி வைப்பதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

தனி நாடாகப் போவதா, இருக்கிற நாட்டோடு தொடர்வதா என்று மக்களைக் கேட்க ஒரு வாக்குச்சீட்டும் ஒரு பெட்டியும் ஒரு விடுமுறை நாளும் போதும் என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறார்கள். உண்மையில் இந்த முழு வேலையிலும் சுலபமான பகுதி வாக்குப்பதிவு நாள்தான். அதற்கு முன்னால் இரண்டு மூன்று வருஷம், சில இடங்களில் இருபது வருஷம், உட்கார்ந்து பேசி எழுதிக் கையெழுத்துப் போட்ட காகிதங்கள்தான் பெட்டிக்குள் விழுகிற சீட்டுக்கு மதிப்பைக் கொடுக்கின்றன.

இரண்டு வாக்கெடுப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2014 செப்டம்பர் 18 அன்று பிரிட்டனின் ஒரு பகுதியான ஸ்காட்லாந்து வாக்களித்தது, 84.6 சதவீதம் பேர் வந்தார்கள், வேண்டாம் 55.3, வேண்டும் 44.7, மறுநாள் காலையில் இரண்டு தரப்பும் முடிவை ஏற்றுக்கொண்டன. 2017 அக்டோபர் 1 அன்று ஸ்பெயினின் ஒரு பகுதியான கேட்டலோனியா வாக்களித்தது. போலீஸ் வாக்குச்சாவடிகளுக்குள் புகுந்து பெட்டிகளைத் தூக்கியது, வந்தவர்கள் 43 சதவீதம் பேர்தான், அவர்களில் 90 சதவீதம் பிரிவுக்கு ஆதரவு என்று அறிவித்தார்கள், அந்த மாதம் முடிவதற்குள் ஸ்பெயின் அரசு அங்கிருந்த ஆட்சியையே கலைத்தது, தலைவர்கள் சிலர் வெளிநாடு போனார்கள், சிலர் பின்னால் பல வருஷ சிறைத் தண்டனை பெற்றார்கள். இரண்டுக்கும் நடுவில் என்ன வித்தியாசம்? 2012 அக்டோபர் 15 அன்று எடின்பரோவில் பிரிட்டன் பிரதமர் டேவிட் கேமரூனும் ஸ்காட்லாந்தின் முதல்வர் அலெக்ஸ் சால்மண்டும் ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். கேட்டலோனியாவில் அப்படி ஒரு காகிதம் இல்லை, அந்த வாக்கெடுப்பை அரசியல் சாசன நீதிமன்றம் முன்கூட்டியே தடுத்து வைத்திருந்தது.

பிரிவு வேண்டும் என்பவருக்கும் வேண்டாம் என்பவருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். விதிகள் தெளிவாக இருந்தால் தோற்ற பக்கம் வலியோடாவது வீட்டுக்குப் போகும், விதிகள் குழப்பமாக இருந்தால் ஜெயித்த பக்கத்துக்கும் நிம்மதி இருக்காது.

எந்தக் கதவு திறந்திருக்கிறது?

முதலில் பார்க்க வேண்டியது, இந்தக் கேள்வியை மக்களிடம் கேட்க யாருக்குச் சட்டப்படி அதிகாரம் இருக்கிறது என்பதுதான். உலகத்தில் இதற்குப் பொதுவான ஒரே சட்டம் கிடையாது. ஆனால் இதுவரை உருப்படியாக நடந்தவற்றை எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் நான்கு வழிகளில் ஒன்றாகத்தான் இருக்கும்.

பழைய காலனியாக இருந்தால் வழி கொஞ்சம் அகலமானது. 1960-ல் ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய 1514-ஆம் தீர்மானம் காலனி மக்களின் சுயநிர்ணய உரிமையை ஒப்புக்கொள்கிறது, அடுத்து வந்த 1541 மூன்று வழிகளைச் சொல்கிறது: தனி நாடாவது, வேறொரு நாட்டோடு விருப்பப்படி ஓர் உடன்பாட்டில் இணைந்திருப்பது, அல்லது முழுசாகச் சேர்ந்துவிடுவது. இரண்டாவது வழி, நாட்டின் சொந்த அரசியல் சாசனத்திலேயே வெளியேறும் விதி எழுதப்பட்டிருப்பது. செயின்ட் கிட்ஸ் அண்ட் நெவிஸ் சாசனத்தில் நெவிஸ் தீவு பிரிந்து போக வழி இருக்கிறது, எத்தியோப்பிய சாசனத்தின் 39-ஆவது பிரிவில் இருக்கிறது, லிக்டன்ஸ்டைனில் ஒவ்வொரு ஊராட்சிக்கும்கூட அந்த உரிமை உண்டு. மூன்றாவது, சண்டை ஓய்ந்த பிறகு வரும் சமாதான ஒப்பந்தம். சூடானிலிருந்து பிரிந்த தெற்கு சூடானும் பாப்புவா நியூகினியின் கீழ் இருக்கும் பூகன்வில் தீவும் அப்படித்தான் வாக்களித்தன. நான்காவது, ஸ்காட்லாந்தைப் போல இரண்டு அரசுகள் உட்கார்ந்து பேசி முடிவு செய்வது.

இந்த நாலும் இல்லாமல் நடத்தினால் என்ன ஆகும் என்பதற்கு மேற்கு ஆஸ்திரேலியாவைப் பாருங்கள். 1933 ஏப்ரலில் அங்கே மூன்றில் இரண்டு பங்கு பேர் ஆஸ்திரேலியாவை விட்டுப் பிரியலாம் என்று வாக்களித்தார்கள். மனுவைத் தூக்கிக்கொண்டு லண்டன் போனார்கள். பிரிட்டன் நாடாளுமன்றக் குழு 1935-ல், ஆஸ்திரேலிய அரசின் சம்மதம் இல்லாமல் இந்த மனுவை எங்களால் எடுத்துக்கொள்ளவே முடியாது என்று சொல்லிவிட்டது. அவ்வளவு பெரிய பெரும்பான்மை, ஒன்றுமே நடக்கவில்லை. இராக்கின் குர்திஸ்தான் இன்னும் வலிக்கிற கதை: 2017 செப்டம்பரில் 92.7 சதவீதம் ஆதரவு, மூன்றே வாரத்தில் பாக்தாத் படைகள் கிர்குக் நகரைப் பிடித்துக்கொண்டன, வாக்கெடுப்புக்கு முன்னால் கையில் இருந்ததும் போனது.

கனடா இதில் ஒரு நல்ல காரியம் செய்தது. கியூபெக் 1995-ல் நூலிழையில் பிரியாமல் நின்ற பிறகு, மத்திய அரசு உச்ச நீதிமன்றத்திடமே போய்க் கேட்டது: ஒரு மாகாணம் தானாக வெளியேற முடியுமா? 1998 ஆகஸ்டில் வந்த பதிலை இந்த விஷயத்தில் ஆர்வம் உள்ள எல்லோரும் ஒருமுறையாவது படிக்க வேண்டும் என்பது என் கருத்து. தன்னிச்சையாக வெளியேற உரிமை இல்லை என்றது நீதிமன்றம். ஆனால் தெளிவான கேள்விக்குத் தெளிவான பெரும்பான்மை கிடைத்தால், மற்ற தரப்புகள் காதை மூடிக்கொண்டு உட்கார முடியாது, பேச்சுவார்த்தைக்கு வந்தே ஆக வேண்டும் என்றும் சொன்னது. இரண்டு பக்கத்துக்கும் கடமையை வைத்த தீர்ப்பு அது. எத்தனை சதவீதம் இருந்தால் தெளிவான பெரும்பான்மை என்று மட்டும் சொல்லவில்லை, 2000-ல் வந்த மத்திய சட்டமும் எண்ணைச் சொல்லவில்லை, கியூபெக் தன் பங்குக்கு ஐம்பது சதவீதமும் ஒரு வாக்கும் போதும் என்று தனிச்சட்டம் போட்டது. அந்த முடிச்சு இன்னும் அவிழவில்லை.

ஒப்பந்தத்தில் என்னென்ன எழுத வேண்டும்

சரி, கதவு இருக்கிறது, எதிர்த்தரப்பு மேஜைக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தேதி, கேள்வி, யார் வாக்களிப்பது, எவ்வளவு கிடைத்தால் வெற்றி, யார் எண்ணுவது, பாதுகாப்பு யார் கையில் என்பவை எல்லாரும் எழுதுகிற விஷயங்கள். பலர் விட்டுவிடுகிற ஒன்று உண்டு, முடிவு கட்டுப்படுத்துமா அல்லது வெறும் ஆலோசனையா என்பது. பூகன்வில்லில் 2019 நவம்பர், டிசம்பரில் நடந்த வாக்கெடுப்பில் 98.31 சதவீதம் பேர் சுதந்திரம் என்றார்கள்; எதிர்த்து விழுந்தவை மூவாயிரத்துச் சொச்சம் வாக்குகள் மட்டுமே. ஆனால் 2001 சமாதான ஒப்பந்தத்தின்படி அந்த முடிவு கட்டுப்படுத்தாது, இரண்டு அரசுகளும் கலந்து பேச வேண்டும், கடைசி வார்த்தை பாப்புவா நியூகினி நாடாளுமன்றத்துடையது. அதனால் வாக்கு எண்ணி முடித்த பிறகும் பேச்சு வருஷக்கணக்கில் இழுத்தது. இருபதாயிரம் பேர்வரை பலிகொண்டதாகச் சொல்லப்படும் ஒரு சண்டையை நிறுத்த அந்த ஒரு வரியை அப்போது ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது, அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் வரிசையில் நின்று வாக்களிக்கிறவருக்கு அந்த வரி முன்கூட்டியே புரிந்திருக்க வேண்டும்.

எடின்பரோ ஒப்பந்தத்தில் எனக்குப் பிடித்த பகுதி அதன் கடைசியில் இருக்கிறது. முடிவு எதுவானாலும் அதற்கேற்ப இரண்டு அரசுகளும் தொடர்ந்து ஒத்துழைத்து வேலை செய்யும் என்று அங்கே எழுதியிருக்கிறார்கள். உங்கள் ஒப்பந்தத்தில் வேறு எதை விட்டாலும் இந்த வரியை விடாதீர்கள்.

கேள்வி

கேள்வியை எழுதுவது பத்து நிமிஷ வேலை போலத் தெரியும், ஆனால் அதிகச் சண்டை வருவது இங்கேதான். கியூபெக்கின் 1995 கேள்வியைத் தமிழில் சுருக்கிச் சொன்னால் இப்படி வரும்: கியூபெக்கின் எதிர்காலம் பற்றிய மசோதாவுக்கும் ஜூன் 12 அன்று கையெழுத்தான உடன்பாட்டுக்கும் உட்பட்டு, புதிய பொருளாதார அரசியல் கூட்டாண்மைக்காகக் கனடாவிடம் முறைப்படி முன்மொழிவு வைத்த பிறகு, கியூபெக் இறையாண்மை பெற வேண்டும் என்பதை ஏற்கிறீர்களா? மசோதாவைப் படிக்காதவர் இதற்கு என்ன பதில் சொல்வார்? வேண்டும் என்றால் உடனே தனி நாடா, முதலில் பேச்சுவார்த்தையா? முடிவு 50.58-க்கு 49.42 என்று வந்தபோது, அந்த 49.42-க்கு என்ன அர்த்தம் என்பதிலேயே ஆளுக்கொரு விளக்கம்.

ஸ்காட்லாந்தில் அரசு முதலில் எழுதிய கேள்வி, ‘ஸ்காட்லாந்து சுதந்திர நாடாக இருக்க வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறீர்களா?’ தேர்தல் ஆணையம் அதைப் பொதுமக்களிடம் கொடுத்துச் சோதித்துப் பார்த்தது. ‘ஒப்புக்கொள்கிறீர்களா’ என்ற சொல்லே ஆமாம் என்ற பக்கம் லேசாகத் தள்ளுகிறது என்று கண்டுபிடித்து அதை எடுக்கச் சொன்னது. மிஞ்சியது, ‘ஸ்காட்லாந்து சுதந்திர நாடாக இருக்க வேண்டுமா?’ ஆறு ஆங்கிலச் சொற்கள், அவ்வளவுதான். நீங்களும் இதையே செய்யுங்கள். கேள்வியை எழுதியவர்களே அதைச் சரிபார்க்கக் கூடாது, வேறொரு சுதந்திரமான அமைப்பு சாதாரண மக்களிடம் வாசித்துக் காட்டி, அவர்கள் புரிந்துகொண்டதைத் திருப்பிச் சொல்லச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் நிறைய இருக்கிற இடத்தில் படம் வேண்டும். தெற்கு சூடானில் 2011 ஜனவரியில் கொடுத்த சீட்டில் பிரிவுக்கு ஒற்றைக் கை, ஒற்றுமைக்கு இரண்டு கைகள் கோத்துக்கொண்டிருக்கும் படம். பெருவிரல் ரேகை வைத்தால் போதும்.

அப்புறம் எத்தனை பதில்கள் என்பது. இரண்டு பதில் இருந்தால் கணக்கு நேராக இருக்கும். மூன்று வைத்தால் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காமல் போகலாம், அதற்கு இரண்டாம் சுற்றை முன்னாலேயே திட்டமிட வேண்டும். நியூஃபவுண்ட்லாந்து 1948-ல் அதைச் சரியாகச் செய்தது: ஜூனில் மூன்று வழிகள், தன்னாட்சிக்கு 44.6, கனடாவோடு சேர 41.1, பிரிட்டன் நியமித்து அப்போதிருந்த ஆணையத்தின் ஆட்சிக்கு 14.3, கடைசியை எடுத்துவிட்டு ஜூலையில் மறுபடி வைத்தார்கள், இந்த முறை கனடாவுக்கு 52.3. முதல் சுற்றில் முந்தியது இரண்டாவதில் தோற்றது. ஒரே சுற்றோடு நிறுத்தியிருந்தால் அந்தத் தீவின் வரலாறே வேறாக இருந்திருக்கும். அமெரிக்காவின் கீழ் இருக்கும் புவேர்ட்டோ ரிகோவில் 1998-ல் பல வழிகளைக் கொடுத்து, ‘மேற்கண்ட எதுவும் இல்லை’ என்பதையும் சீட்டில் வைத்தார்கள், அதற்குத்தான் 50.3 சதவீதம் விழுந்தது.

எல்லாவற்றையும்விட மோசமானது, மக்கள் விரும்பக்கூடிய பதில் சீட்டிலேயே இல்லாமல் போவது. 1961 பிப்ரவரியில் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த தெற்கு கேமரூன்ஸ் மக்களிடம் நைஜீரியாவோடு சேர்கிறீர்களா, கேமரூனோடு சேர்கிறீர்களா என்று மட்டும்தான் கேட்டார்கள். தனி நாடு என்ற மூன்றாவது கட்டம் இல்லை. கேமரூனோடு சேர்ந்தார்கள். அதே பகுதியில் 2017 முதல் ஆயுதச் சண்டை நடக்கிறது. 2014 மார்ச்சில் உக்ரைனின் கிரைமியாவில் நடந்ததில் இருக்கிற நிலையே தொடரட்டும் என்று சொல்லக் கட்டமே கிடையாது, தெருவில் ரஷ்யப் படையினர் நின்றார்கள், ஐ.நா. பொதுச்சபையில் 100 நாடுகள் அதற்குச் செல்லுபடி இல்லை என்றன. அந்த இரண்டு சீட்டுகளும் மக்களிடம் கேட்டதாகக் காட்டிக்கொள்ளத்தான் உதவின.

யாருக்கு வாக்கு

இதில் சிக்கினால் வாக்கெடுப்பே நடக்காது. மேற்கு சஹாராவில் 1991-ல் போர்நிறுத்தம் வந்தது, வாக்கெடுப்பு நடத்துவதற்கென்றே ஐ.நா. ஒரு குழுவை அனுப்பியது. 1974-ல் ஸ்பெயின் எடுத்த மக்கள்தொகைக் கணக்கில் இருப்பவர்களும் அவர்கள் வாரிசுகளும் மட்டுமா, இந்த மண்ணைச் சேர்ந்தவர்கள் என்று சொல்லும், வெளியில் வசிக்கும் பழங்குடிக் குடும்பங்களும் உண்டா என்பதில், அந்தப் பகுதியைத் தன்னுடையது என்னும் மொராக்கோவும் அதன் விடுதலை இயக்கமான போலிசாரியோவும் மோதின. பட்டியல் தயாரிப்பதிலேயே வருஷங்கள் ஓடின. அந்த வாக்கெடுப்புக்கு வருவோம் என்று அகதி முகாமில் காத்திருந்தவர்களுக்கு அங்கேயே பேரப்பிள்ளைகள் பிறந்துவிட்டார்கள். வாக்குச்சீட்டை அவர்கள் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை.

பட்டியலுக்கு இரண்டு அடிப்படைகள் உண்டு: இங்கே வசிக்கிறவரா, இந்த மண்ணைச் சேர்ந்தவரா. ஸ்காட்லாந்து வசிப்பிடத்தை எடுத்தது. எடின்பரோவில் வசிக்கும் போலந்துக்காரருக்கு வாக்கு இருந்தது, லண்டனில் வசிக்கும் ஸ்காட்லாந்துக்காரருக்கு இல்லை, 16 வயது நிரம்பியவர்களுக்கும் கொடுத்தார்கள். எரித்ரியா 1993-ல் மற்ற பக்கம் போனது, எத்தியோப்பியாவோடு நடந்த முப்பது வருஷப் போரில் உலகம் முழுக்கச் சிதறிய மக்கள் இருந்த ஊர்களிலேயே வாக்களித்தார்கள். தெற்கு சூடானும் வெளிநாடுகளில் பெட்டி வைத்தது. போரால் மக்கள் விரட்டப்பட்ட இடத்தில் வசிப்பிடத்தை மட்டும் பார்ப்பது விரட்டியவருக்குப் பரிசு கொடுப்பது போல ஆகிவிடும் என்பது என் எண்ணம். அமைதியான இடத்தில் வசிப்பிடமே நியாயம்.

வெளியிலிருந்து பெரிய அளவில் குடியேற்றம் நடந்த இடம் என்றால் இன்னொரு சிக்கல். பிரான்சின் கீழ் இருக்கும் பசிபிக் தீவான நியூ கலிடோனியாவில் 1998 நூமெயா ஒப்பந்தம் வாக்காளர் பட்டியலை உறைய வைத்தது; பிரெஞ்சுக் குடிமகனாக இருந்தாலும், 1994-க்குப் பிறகு வந்து குடியேறியவர்களுக்கு இந்தக் கேள்வியில் பொதுவாக வாக்கு இல்லை. சொந்த மண்ணில் சிறுபான்மையாகிவிட்ட கனாக் மக்களுக்கு அது இல்லாமல் சமாதானம் இல்லை. ஆனால் முப்பது வயதுக்காரர் ஒருவர் அங்கேயே வேலை, குடும்பம் என்று இருந்தும் வாக்கில்லாமல் நிற்பதும் உண்மைதான். இதில் யார் மனமும் புண்படாத வழி ஒன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. எந்த விதியை எடுத்தாலும் அது இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டதாக, வாக்குப்பதிவுக்குப் பல வருஷம் முன்னால் எழுதியதாக இருக்கட்டும்.

பட்டியலுக்கு வெளியே நின்றவர்களும் சில சமயம் பேசுகிறார்கள். நார்வே 1905 ஆகஸ்டில் ஸ்வீடனோடு இருந்த கூட்டைக் கலைக்க வாக்களித்தபோது ஆதரவாக 3,68,208 வாக்கு, எதிராக வெறும் 184. பெண்களுக்கு அப்போது வாக்குரிமை இல்லை. அவர்கள் தாங்களாகவே வீடுவீடாகப் போய் இரண்டு லட்சத்துக்கும் மேல் கையெழுத்து வாங்கிக் கொடுத்தார்கள்.

எவ்வளவு கிடைத்தால் வெற்றி

பாதிக்கு மேல் ஒரு வாக்கு போதுமா? ஃபேரோ தீவுகளில் 1946-ல் பிரிவு ஜெயித்தது, ஆனால் வித்தியாசம் இருநூறு வாக்குகூட இல்லை, செல்லாத வாக்குகள் அதைவிட அதிகம். டென்மார்க் அரசர் தீவின் மன்றத்தைக் கலைத்தார், புதுத் தேர்தலில் பிரிவை எதிர்த்தவர்கள் ஜெயித்தார்கள், 1948-ல் தன்னாட்சியோடு முடிந்தது. மறுபக்கம், அளவை உயர்த்தினால் பெரும்பான்மை ஆசைப்பட்டும் கிடைக்காது. நெவிஸ் 1998-ல் 61.8 சதவீதம் வாங்கியது, மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்ற விதியால் இன்றும் அதே கூட்டில்தான் இருக்கிறது. நியூசிலாந்தின் கீழ் இருக்கும் டோக்கெலாவ் 2007-ல் தன்னாட்சிக்காக வாக்களித்து 16 வாக்கில் மூன்றில் இரண்டைத் தவறவிட்டது. பசிபிக் தீவான பலாவுவில் தனி நாடாவதற்கான அமெரிக்க ஒப்பந்தத்துக்கு 75 சதவீதம் வேண்டியிருந்ததால், 1983-லிருந்து திரும்பத் திரும்ப வாக்களித்துச் சலித்து, கடைசியில் 1992-ல் சாசனத்தையே திருத்தி, அடுத்த வருஷம் 68 சதவீதத்தில் நிறைவேற்றி, 1994 அக்டோபர் 1 அன்றுதான் தனி நாடானார்கள்.

மான்டனெக்ரோ செர்பியாவோடு இருந்த கூட்டிலிருந்து பிரிய 2006 மே 21 அன்று வாக்களித்தபோது ஐரோப்பிய ஒன்றியம் வைத்த அளவு 55 சதவீதம். கிடைத்தது 55.5. அந்த அரை சதவீதம் கிட்டத்தட்ட இரண்டாயிரம் மனிதர்கள், ஒரு சின்ன ஊர். 54.9 வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே பதற்றமாக இருக்கிறது, ஏனென்றால் ஐம்பதுக்கு மேல் வாங்கியும் தோற்றவர்கள் என்ற நிலை எந்த அரசுக்கும் தாங்கக் கஷ்டமானது. ஆனாலும் வாக்குக்கு முன்னால் இரண்டு தரப்பும் அந்த எண்ணை ஏற்றிருந்ததால், பிரிவை எதிர்த்தவர்களாலும் செர்பியாவாலும் பின்னால் அதை உடைக்க முடியவில்லை.

இத்தனை சதவீதம் பேர் வந்தால்தான் செல்லும் என்கிற வருகை அளவைப் பொறுத்தவரை நான் எதிர்ப்பு. தெற்கு சூடானில் 60 சதவீதம் வர வேண்டும் என்று இருந்தது, ஏறக்குறைய எல்லோருமே வந்ததால் சிக்கல் இல்லை. ஆனால் பிளவு சமமாக இருக்கும் இடத்தில் இந்த விதி ‘வேண்டாம்’ பக்கத்துக்கு ஒரு குறுக்குவழி காட்டுகிறது, பிரச்சாரம் செய்து ஜெயிப்பதைவிட வீட்டில் உட்கார்ந்து ஜெயிப்பது சுலபம் என்று ஆகிவிடும். அதற்குப் பதில் ஸ்லோவேனியா யூகோஸ்லாவியாவிலிருந்து பிரிய 1990 டிசம்பரில் செய்ததைப் பாருங்கள்: வந்தவர்களில் பாதி போதாது, பட்டியலில் உள்ள மொத்த வாக்காளர்களில் பாதிக்கு மேல் ஆமாம் சொல்ல வேண்டும் என்று தனக்குத் தானே கடினமான விதி போட்டுக்கொண்டது. 88.5 சதவீதம் கிடைத்தது. அதற்குப் பிறகு மக்கள் நிஜமாகவே கேட்டார்களா என்று ஒருவரும் சந்தேகப்படவில்லை.

எந்த வட்டத்துக்குள் எண்ணுவது என்பதையும் முன்னாலேயே எழுதிவிடுங்கள். பிரான்சின் ஆட்சியில் இருந்த கொமொரோஸ் தீவுகள் 1974 டிசம்பரில் வாக்களித்தன. மொத்தமாக எண்ணினால் சுதந்திரத்துக்கு 94 சதவீதத்துக்கு மேல். மயோட் தீவை மட்டும் தனியாக எடுத்தால் 63.8 சதவீதம் பேர் பிரான்சோடு இருக்கிறோம் என்றார்கள். பிரான்ஸ் தீவுவாரியாகப் பார்த்தது, கொமொரோஸ் மொத்தமாகப் பார்த்தது. மயோட் பிரான்சோடு போனது, அந்த வழக்கு இன்னும் ஆறவில்லை.

மறுதரப்பு வராமல் போனால்

புறக்கணிப்பு வருகிறது என்று தெரிந்தால், தேதியைத் தள்ளிப்போட்டாவது அவர்களை உள்ளே கொண்டுவாருங்கள். நியூ கலிடோனியாவின் முதல் இரண்டு வாக்கெடுப்புகளில் இரண்டு தரப்பும் கலந்துகொண்டன: 2018-ல் வேண்டாம் 56.7, 2020-ல் 53.3. அடுத்ததில் என்ன வரும் என்று யாராலும் சொல்ல முடியாத நிலை. 2021-ல் கொரோனாவில் உறவுகளை இழந்த கனாக் மக்கள் எங்கள் துக்கம் முடியட்டும், தள்ளி வையுங்கள் என்றார்கள். பாரிஸ் கேட்கவில்லை. டிசம்பர் 12 அன்று வருகை 44 சதவீதத்துக்கும் கீழே போனது, வேண்டாம் 96.5. இருபது வருஷம் பொறுமையாகக் கட்டிய ஒரு நடைமுறையின் கடைசிப் படியை இப்படி அவசரப்பட்டு வீணடித்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் வருத்தமாக இருக்கிறது. 2024-ல் அங்கே கலவரம் வெடித்தது, அதன் நெருப்புப்பொறி மறுபடி வாக்காளர் பட்டியல் விவகாரம்தான்.

யூகோஸ்லாவியாவிலிருந்து பிரிந்த போஸ்னியாவில் இதைவிடக் கொடுமை. ஐரோப்பியச் சமூகத்தின் நடுவர் குழு, அங்கீகாரம் வேண்டுமென்றால் மக்களைக் கேளுங்கள் என்றது. 1992 பிப்ரவரி 29-லும் மார்ச் 1-லும் கேட்டார்கள், வந்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஆமாம் என்றார்கள், செர்பியர்களில் பெரும்பாலோர் வரவே இல்லை. சில வாரங்களில் போர்.

காவலும் எண்ணிக்கையும்

இந்தோனேசியா பிடித்து வைத்திருந்த கிழக்கு தீமோரை எடுத்துக்கொள்ளுங்கள். 1999 ஆகஸ்ட் 30, பதிவானவர்களில் 98 சதவீதத்துக்கு மேல் வந்து வாக்களித்தார்கள், மிரட்டலுக்கு நடுவில், பலர் விடிவதற்கு முன்பே வந்து வரிசையில் நின்று. நடத்தியது ஐ.நா., எந்தக் கிராமம் எப்படிப் போட்டது என்று தெரிந்தால் அந்தக் கிராமத்தைக் கொளுத்துவார்கள் என்று பயந்து எல்லாப் பெட்டிகளையும் அங்குள்ள முக்கிய நகரமான டிலிக்குக் கொண்டுவந்து, சீட்டுகளைக் கலந்து எண்ணினார்கள். அது மிகச் சரியான ஏற்பாடு, கட்டாயம் பின்பற்ற வேண்டியது. ஆனால் இந்த வாக்கெடுப்புக்காகப் போட்ட மே 5 ஒப்பந்தம் பாதுகாப்பை இந்தோனேசியப் படைகளிடமே விட்டிருந்தது. செப்டம்பர் 4 அன்று 78.5 சதவீதம் பேர் இந்தோனேசியாவுக்குள் தன்னாட்சி என்பதை நிராகரித்தார்கள், அதாவது தனி நாடு கேட்டார்கள் என்று அறிவித்ததும், இந்தோனேசிய ராணுவத்தின் ஆதரவு பெற்ற ஆயுதக் குழுக்கள் வெறியாட்டம் போட்டன. அந்த வருஷ வன்முறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள், இரண்டு லட்சத்துக்கும் மேல் மேற்கு தீமோருக்கு விரட்டப்பட்டார்கள், கட்டடங்களில் பெரும்பகுதி எரிந்தது. ஆஸ்திரேலியா தலைமையில் பன்னாட்டுப் படை இறங்கியது செப்டம்பர் 20 அன்றுதான். முடிவு வெளியாகும் நாளில் துப்பாக்கி யார் கையில் இருக்கும் என்பதற்குப் பதில் இல்லாமல் தேதி குறிக்கவே குறிக்காதீர்கள்.

அமைதியான இடத்தில் எண்ணிக்கையில் கவனிக்க வேண்டியது செல்லாத வாக்கு. கியூபெக்கில் 1995-ல் வித்தியாசம் 54,288 வாக்கு, ஒதுக்கப்பட்ட சீட்டுகள் 86 ஆயிரத்துக்கு மேல். சில தொகுதிகளில் வழக்கத்துக்கு மாறாக அள்ளி ஒதுக்கியிருந்தார்கள், விசாரணை வரை போனது. எந்த மாதிரிக் குறி செல்லும், எது செல்லாது என்பதைப் படம் போட்டு முன்னாலேயே வெளியிட்டு, இரண்டு தரப்பு முகவர்களையும் அதில் கையெழுத்துப் போட வையுங்கள்.

ஆமாம் வந்தால்

எண்ணி முடித்த நாளுக்கும் கொடியேற்றும் நாளுக்கும் நடுவில் இடைவெளி வேண்டும். பிரெஞ்சுக் காலனியாக இருந்த கினி 1958 செப்டம்பர் 28 அன்று பிரெஞ்சுத் தலைவர் தெகோலின் புதிய சாசனத்தை வேண்டாம் என்று சொல்லி, அக்டோபர் 2 அன்று சுதந்திரம் அறிவித்தது. பிரான்ஸ் கோபத்தில் அதிகாரிகளைத் திரும்ப அழைத்துக்கொண்டது, எடுத்துப்போக முடிந்த கருவிகளையும் கோப்புகளையும் எடுத்துக்கொண்டது, உதவியை நிறுத்தியது. தெற்கு சூடான் ஆறு மாதம் எடுத்துக்கொண்டது, ஆனாலும் போதவில்லை: எண்ணெய்க் கிணறுகளில் பெரும்பகுதி தெற்கில், ஏற்றுமதிக் குழாய் வடக்கு வழியாக, குழாய்க்கு வாடகை எவ்வளவு என்பது முடிவாகாமலே பிரிந்தார்கள். 2012 ஜனவரியில் தெற்கு சூடான் தன் எண்ணெய் உற்பத்தியையே நிறுத்தியது, அரசு வருமானத்தில் மிகப் பெரும்பங்கு ஒரே அடியில் போனது. அபியே பகுதி எந்தப் பக்கம் என்று கேட்க வேண்டிய தனி வாக்கெடுப்பு அன்று நடக்கவே இல்லை.

அதனால் வாக்குப்பதிவுக்கு முன்பே பேச வேண்டியவை: பொதுக்கடனில் யாருக்கு எவ்வளவு, எந்தப் பணம், குடியுரிமை யாருக்கு, ஓய்வூதியம் யார் கொடுப்பது, எல்லைக்கோடு எங்கே. பிரிட்டன் கருவூலம் 2014 ஜனவரியிலேயே, ஸ்காட்லாந்து பிரிந்தாலும் இதுவரை வாங்கிய கடனுக்கு நாங்கள் பொறுப்பு என்று கடன் கொடுத்தவர்களுக்கு அறிவித்தது. பவுண்டைப் பகிர்ந்துகொள்ள மாட்டோம் என்றும் அடுத்த மாதமே சொன்னது. கசப்பான பதில்தான், ஆனால் வாக்காளர் தெரிந்து முடிவெடுத்தார்.

அங்கீகாரம் என்பது ஒவ்வொரு நாடாகக் கேட்டு வாங்குவது. சோவியத் ஒன்றியத்திலிருந்து பிரிய உக்ரைன் 1991 டிசம்பர் 1 அன்று வாக்களித்தது, 90 சதவீதத்துக்கு மேல் ஆமாம், மறுநாளே போலந்தும் கனடாவும் அங்கீகரித்தன. ஐ.நா. உறுப்பினராக வேண்டுமென்றால் பொதுச்செயலாளருக்குக் கடிதம் கொடுக்க வேண்டும். பாதுகாப்பு கவுன்சிலின் 15-ல் 9 வாக்கு வேண்டும், வீட்டோ உள்ள ஐந்து நாடுகளில் ஒன்றுகூட எதிர்க்கக் கூடாது. அப்புறம் பொதுச்சபையில் மூன்றில் இரண்டு. தெற்கு சூடான் 2011 ஜூலை 9 அன்று சுதந்திரம் அறிவித்து, 14 அன்று 193-ஆவது உறுப்பினரானது. பழைய ஆட்சியாளரான சூடானே முதலில் அங்கீகரித்ததால் எதிர்க்க யாருக்கும் காரணம் இருக்கவில்லை.

வேண்டாம் வந்தால்

இதையும் அதே காகிதத்தில் எழுதி வையுங்கள்: அடுத்து எப்போது கேட்கலாம்? வட அயர்லாந்து தொடர்பான சட்டத்தில், ஒரு வாக்கெடுப்புக்கும் அடுத்ததுக்கும் குறைந்தது ஏழு வருஷம் என்று தெளிவாக இருக்கிறது. ஸ்காட்லாந்தின் ஒப்பந்தத்தில் இது இல்லை. இது ஒரு தலைமுறைக்கு ஒருமுறை வரும் வாய்ப்பு என்று மேடையில் பேசினார்கள், ஆனால் தலைமுறை என்றால் எத்தனை வருஷம் என்று எங்கும் எழுதவில்லை. 2022 நவம்பரில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், லண்டனின் ஒப்புதல் இல்லாமல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் இன்னொரு வாக்கெடுப்புக்குச் சட்டம் போட முடியாது என்றது. மறுபடி 2012-ல் நின்ற அதே இடம், இன்னொரு கையெழுத்துக்காகக் காத்திருப்பு.